திருநீறு விழுந்த விசிறி

05.10.2025, ஞாயிறு
மகள் தனுஷிகாவின் கொம்பியூட்டர் மூன்று நாளாக மிளகாய் அரைக்கிற மில் போல இரைகிறது. லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு அவள் தமிழ் படிப்பிப்பது அதில்தான். இன்று ஒரு தாய் கேட்டாவாம்: "மிஸ், மில்லுக்குள்ளை இருந்தோ படிப்பிக்கிறியள்?" மகள் சிரித்துச் சமாளித்தாள். இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று நாள் என்றால் விஜயதசமி. நான்தான். புத்தகங்களோடு அந்தப் பெட்டியையும் சரஸ்வதி முன் வைத்து, மேல்மூடியில் திருநீற்றை அள்ளிப் பூசித் தீர்த்தமும் தெளித்தேன். மூடி முழுக்கக் காற்றுப் போகிற ஓட்டைகள். கண்டும் பூசினேன். கல்வி தருகிற பொருள் அல்லவா?

06.10
அவள் குளிக்கப் போன நேரம் மூடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ஏன் துடைத்தேன்?

08.10, புதன்
மருதனார்மடச் சந்தியில் ஜெரிசனின் கொம்பியூட்டர் கடை. போன வருடம் பெட்டியை வாங்கியது அங்கேதான். கழற்றிப் பார்த்தார். "விசிறியிலை வெள்ளையாய்க் காய்ஞ்சு ஒட்டிக் கிடக்கு, இனி மாத்தத்தான் வேணும். வீட்டிலை சீமெந்து வேலை ஏதும் நடந்ததோ அன்ரி?"

"இல்லைத் தம்பி" என்றேன். அது பொய் இல்லை. சீமெந்து வேலை நடக்கவில்லைத்தானே.

மகள் விடவில்லை. "புதுசு எண்டு சொல்லிப் பழைய விசிறியைப் போட்டு வித்திருக்கிறியள்."

"சத்தியமாய்ப் புதுசுதான் தங்கச்சி."

அவர் என் முகத்தையும் ஒருதரம் பார்த்தார். நான் விலைப்பட்டியலைப் பார்த்தேன்.

09.10
மகள் முகநூலில் எழுதிவிட்டாள், கடையின் பெயரோடு. கள்ளக் கடை என்று. மத்தியானத்துக்குள் அறுபத்துமூன்று பேர் பகிர்ந்துவிட்டார்கள். அவள் வாசித்துக் காட்டினாள். நான் புட்டு அவித்துக்கொண்டு நின்றேன்.

13.10
விசிறியையாவது சரியாகத் தேடவேண்டும். வீடியோக்கள் பார்த்துக் கொப்பியில் குறித்து வைத்தேன். எந்த விசிறியும் எதிலும் பூட்டலாம் என்று இல்லை. புறொசெசர் இருக்கிற சொக்கெற்றின் வகைக்கு ஒத்துவர வேண்டும். நாலு கம்பி வயர் உள்ளது என்றால் சூட்டுக்கு ஏற்ப வேகம் தானாகக் கூடிக் குறையும். பெரிய விசிறி ஆறுதலாகச் சுற்றியே வேலையை முடிக்கும். சின்னது அதே காற்றுக்கு ஓடி ஓடிக் கத்தும்.

எல்லாரும் புகழ்கிற விசிறிக்கு உயரம் 165 மில்லிமீற்றர். அடிமட்டம் வைத்துப் பெட்டிக்குள்ளே அளந்தேன்: 158. பக்கக் கதவு மூடாது. 150இல் ஒன்று கிடைத்தது. சத்தம் கொஞ்சம் அதிகம், ஆனாலும் மைக்கில் கேளாதாம். கொழும்பில் சொல்லி வைத்தாயிற்று.

இவ்வளவு பார்த்து அளக்கத் தெரிந்தவளுக்கு வாய் திறக்க மட்டும் தெரியவில்லை.

18.10, சனி
ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போனேன். வழியில் கடை. ஜெரிசன் வாசலில் தனியே நின்றார். வெயில் இல்லை, குடையை விரித்து அந்தப் பக்கம் சரித்துப் பிடித்தேன்.

22.10
கந்தசட்டி விரதம் தொடக்கம்.

24.10, வெள்ளி
விசிறி வந்தது. இருவருமாகப் பூட்டினோம். கதவு மூடியது. போட்டால், ஓடுகிறதா என்று கையை வைத்துப் பார்க்கவேண்டி இருந்தது. "அம்மா, நீங்கள் எஞ்சினியர்" என்று மகள் கட்டிப்பிடித்தாள். பிறகு பழையதைத் தூக்கிக் காட்டினாள்: "பாருங்கோ, உவன் எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்தின வடிவை."

ஐயோ முருகா. என்னெண்டு இதை விழுங்கிறது? ரெண்டு நாளாய் மிளகும் தண்ணியும் குடிச்சு விரதம் இருக்கிறனாம் — ஆருக்கு?

25.10, சனி
கடைக்குப் போய்ச் சொன்னேன். திருநீற்றையும் சொன்னேன், துடைத்ததையும் சொன்னேன். ஜெரிசன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது.

"ரெண்டு கிழமையாய் ஒரு வயர் வாங்கக்கூட ஒருத்தரும் வரேல்லை அன்ரி. என்னட்டைச் சொல்லி என்ன? நான் கள்ளன் இல்லை எண்டு எனக்குத் தெரியும். வாசிச்ச சனத்துக்குச் சொல்லுங்கோ."

பின்னேரம் மகளிடம் சொன்னேன். பழைய விசிறியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "நான் அந்த மனுசனைக் கள்ளன் எண்டு எழுதேக்கை நீங்கள் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்" என்றாள். அறைக்கதவைச் சாத்திவிட்டாள்.

27.10, சூரன்போர்
இன்னும் கதைக்கவில்லை. சாப்பாட்டை மூடி வைக்கிறேன். எடுத்துச் சாப்பிடுகிறாள்.

28.10, செவ்வாய்
விரதம் முறிக்கிற பாரணைச் சாப்பாட்டை முடித்துவிட்டு இருந்தேன். மகள் போனோடு வந்து எதிரே இருந்தாள்.

"எழுதினதை அழிச்சுவிடு பிள்ளை."

"அழிச்சால் வாசிச்ச சனம் அப்பிடியே நம்பிக்கொண்டிருக்கும். அது கிடக்கட்டும். கீழை நான் மன்னிப்புக் கேட்டிட்டன். இனி நீங்கள் எழுதுங்கோ."

முகநூலில் எனக்கென்று ஒரு பக்கம் திறந்து தந்தாள். என் படமும் போடட்டோ என்றாள். போடச் சொன்னேன்.

ஒரு மணித்தியாலம் எடுத்தது. முதலில் "தவறுதலாக நடந்துவிட்டது" என்று எழுதி, பிறகு அழித்தேன். திருநீறு விழுந்தது தவறுதல். துடைத்தது தவறுதல் இல்லை. அப்படியே எழுதினேன், கடையின் பெயரையும் என் பெயரையும் போட்டு.

மகள் வாசித்தாள். ஓரிடத்தில் எழுத்துப்பிழை திருத்தினாள். அனுப்புகிற பொத்தானில் கை வைக்காமல் போனை என் பக்கம் திருப்பிவிட்டாள்.

அழுத்தினேன்.