ஜன்னலுக்கு விழுந்த ஒரு ஓட்டு

பாய்,

வீட்டு இரும்புக் கதவின் கீல் உடைந்துவிட்டது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு இன்று காலை திருமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லேத் பட்டறைக்குப் போனேன். உள்ளே ஒரு இரும்புத் தண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல், இரும்பின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலண்ட் பால்போல வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. சூடான இரும்பில் அது பட்டதும் ஒரு வாசனை எழும்புமே, கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் புகை. பதினைந்து வருடம் உங்கள் சட்டையில் இருந்த வாசனை. நான் அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. பட்டறைக்காரர், "என்ன சார், கிறுகிறுன்னு வருதா? உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். கிறுகிறுப்பு ஒன்றும் இல்லை. உங்களிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நீங்கள் எங்கள் தெருவுக்குக் குடிவந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். மதுரையில் உங்கள் அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடைகளில் உட்கார்ந்திருக்க, நீங்கள் மட்டும் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகை பிடித்து, ஆறு மெஷின் போட்டு, பம்புகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். "கடையில உக்காந்தா கை சும்மா இருக்கும் சார். எனக்குக் கை சும்மா இருந்தா வாய் வேலை செய்ய ஆரம்பிச்சிரும்" என்று சொன்னீர்கள். கை வேலை செய்தபோதும் வாய் சும்மா இருந்ததில்லை என்பது எனக்கல்லவா தெரியும்.

ஊரடங்கு முடிந்தும் கப்பலூர் எழுந்திருக்கவில்லை. வேலை கொடுத்துக்கொண்டிருந்த பெரிய கம்பெனிகள் பாதி ஆர்டரை நிறுத்தின. இரும்பு விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. உங்கள் ஆறு மெஷினில் மூன்றின்மேல் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மின்சாரத்துக்கு நிலையான கட்டணம் ஒன்று கட்டியாக வேண்டும். அதுதான் எல்லார் கழுத்தையும் பிடித்தது. அந்த நேரத்தில்தான் சட்டமன்றத் தேர்தல் வந்தது.

பட்டறைக்காரர்கள் சங்கத்தில் கூடிப் பேசினீர்கள். பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளர் அந்தக் கட்டணத்தைக் குறைக்கப் பாடுபடுவதாகச் சொல்லியிருந்தார். முதலாளி, தொழிலாளி, வீட்டு ஆட்கள் என்று எல்லாரும் சேர்ந்து அவருக்கே போட்டால் நாளைக்கு உரிமையோடு போய் நிற்கலாம் என்பது சங்கத்தின் முடிவு. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் அதே கூட்டத்துக்கு இன்னொருவரும் வந்திருந்தார். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர், சுயேச்சை, ஜன்னல் சின்னம். மதுரை மாட்டுத்தாவணிக்கும் திருமங்கலத்துக்கும் இடையே டவுன் பஸ்ஸிலேயே போய் வந்து ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாரே, அவர்தான். "மின்கட்டணத்தைக் குறைப்பீங்களா?" என்று சங்கச் செயலாளர் அவரிடம் கேட்டிருக்கிறார். அவர் எழுந்து நின்று, "என்னால முடியாதுங்க. ஒத்தை ஆளு போய் அதைக் குறைக்க முடியாது. ஏன் குறைக்கலைன்னு ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுக் கேக்க முடியும்" என்றாராம்.

மறுநாள் காலை டீக்கடையில் நீங்கள் இதை என்னிடம் சொன்னபோது, உங்கள் டீ ஆடை கட்டியிருந்தது.

"முடியாதுன்னு சொன்ன மொத ஆளு சார். ஓட்டுக் கேக்க வந்த எடத்துல ஒருத்தன் உண்மையச் சொல்றான். நான் எப்படி அவனுக்குப் போடாம இருக்கது?"

"உண்மை சொன்னதுக்கு ஒரு சால்வை போர்த்துங்க பாய். ஓட்டு எதுக்கு?" என்றேன். வாத்தியார் புத்தி, உடனே ஒரு உதாரணமும் கொடுத்தேன். "நீங்க மாட்டுத்தாவணி போகணும். ரெண்டு பஸ் நிக்குது. ஒண்ணு சுத்தி வளைச்சுப் போகும், ஒண்ணு நின்னு நின்னு போகும். மூணாவது பஸ்ஸுக்குச் சக்கரமே இல்ல. நல்ல பெயிண்ட் அடிச்சிருக்குன்னு அதுல ஏறி உக்காருவீங்களா?"

நீங்கள் யோசித்தீர்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு துளை எத்தனை மில்லிமீட்டர் என்று கண்ணால் அளப்பதுபோல.

"ரெண்டு பஸ்ஸுமே நான் போற ஊருக்குப் போகலன்னா, சார்?"

"அப்ப?"

"நின்னுக்கிட்டே இருப்பேன். இந்த ஊருக்குப் போக ஆள் நிக்கிதுன்னு தெரிஞ்சாத்தானே நாளைக்கு ஒரு பஸ் விடுவான்? எல்லாரும் கெடைச்ச பஸ்ஸுல ஏறிட்டா, அந்த ஊருக்கு ஆளே இல்லன்னு எழுதிருவான்ல."

எட்டாம் வகுப்புக்கு எத்தனையோ உதாரணம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் என் பஸ்ஸை என்மேலேயே ஏற்றியதில்லை.

அதன் பிறகு நீங்கள் கப்பலூர் முழுக்க ஜன்னலைப் பற்றியே பேசினீர்கள். செயலாளர் கேலி செய்தார்: "பாய், ஜன்னலுக்குப் போட்டா காத்துதான் வரும்." "வரட்டும்ணே, உங்க சங்கத்துல அதுவும் இல்லாமத்தான் வேகுது" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு எங்கே முடிந்து கோபம் தொடங்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

வாக்குப்பதிவு நாள். வேலையில் இருந்த காலமெல்லாம் நான் தேர்தல் பணியில் இருந்தவன். அடுத்தவர் விரலில் மை வைத்துவிட்டு, தபாலில் ஓட்டுப் போட்டவன். ஓய்வுபெற்ற பிறகு ஒரு சாதாரண ஆளாக வரிசையில் நின்றது அன்றைக்குத்தான். எனக்கு முன்னால் நீங்கள். பக்கத்துப் பெண்கள் வரிசையில் செல்வி. உங்கள் பட்டறையின் ஐந்து தொழிலாளர்களில் ஒருவர், துளை போடும் மெஷினை ஓட்டியவர், அடுத்த தெருக்காரர்.

"பாய், ஒரு வார்த்த சொல்லட்டுமா?"

"சொல்லும்மா."

"நீங்க யாருக்குப் போடுவீங்கன்னு கப்பலூருக்கே தெரியும். நான் அதுல தலையிடல. ஆனா அந்த மெஷினு ஓடுனாத்தான் எங்க அஞ்சு வீட்டுலயும் அடுப்பெரியும். இந்த ஒரு தடவ மட்டும், நமக்குன்னு நெனச்சுப் போடுங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கும் நீங்கள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தீர்கள். துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்து நான் போனேன். மறைப்புக்குள் நின்று பட்டியலைப் பார்த்தேன். ஜன்னல் கடைசிக்கு முந்தி இருந்தது. எனக்கு அந்த நடத்துநர் வெல்வார் என்ற எண்ணம் துளியும் இல்லை. உங்கள் வாதம் என்னை முழுதாக ஜெயித்துவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். இந்தச் சாவடியில் உங்கள் ஓட்டு ஒற்றையாகக் கிடக்கக் கூடாது, துணைக்கு இன்னொன்று இருக்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். அழுத்தினேன். கண்ணாடிக்குள் சீட்டில் ஜன்னல் ஏழு வினாடி தெரிந்தது, கீழே விழுந்தது.

வெளியே நீங்கள் வேப்பமரத்தடியில் நின்றீர்கள். "முடிஞ்சுதா சார்?" "முடிஞ்சுது பாய்." யாருக்கு என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஓட்டை வெளியே சொல்லக் கூடாது என்று முப்பது வருடம் ஊருக்குச் சொன்ன வாய் எனக்கு. எண்ணி முடித்த பிறகு சொல்லலாம், நீங்கள் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்க்கலாம் என்று ஆசையோடு வைத்திருந்தேன்.

சங்கம் ஆதரித்தவர் வென்றார். சில நாள் கழித்துச் செயலாளர் சாவடி வாரியான எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் பட்டறைக்கு வந்தார். அன்று உங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு நானும் அங்கேதான் இருந்தேன்.

"பாய், உங்க பூத்துல ஜன்னலுக்கு எம்புட்டு விழுந்திருக்கு தெரியுமா? ஒண்ணு. ஒத்தை ஓட்டு. அந்த பூத்துல நம்ம சங்கத்து ஆளு நீங்க ஒருத்தருதான். இதைக் கட்சிக்காரங்க பாக்காமலா இருப்பாங்க? நாளைக்கு நாங்க போய் எந்த மூஞ்சியோட நிக்கிறது?"

ஒன்று. அந்த ஒன்று என்னுடையது. கணக்கு வாத்தியாருக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் செல்வியின் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு செயலாளரிடம், "விழுந்தது விழுந்ததுதானேண்ணே" என்றீர்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

கப்பலூரில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பட்டறையில் வேலை அதிகமானால் மிச்சத்தைப் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மோசமான வருடத்தில் பலரை நிற்கவைத்தது அதுதான். உங்களுக்கு அது நின்றது. யாரும் சண்டை போடவில்லை. வணக்கம் சொன்னார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், வேலையை மட்டும் வேறு பக்கம் அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் தார்ப்பாய் மூடியிருந்த மூன்று மெஷினும் விலைபோய் லாரியில் ஏறின. ஐந்து பேரில் இரண்டு பேரை நிறுத்தினீர்கள். செல்வியை நிறுத்தவில்லை.

இதற்குமேல் பொறுக்க முடியாமல் ஒரு நாள் செயலாளரைப் பார்க்கப் போனேன். அந்த ஓட்டு என்னுடையது, பாய் உங்கள் பக்கம்தான் நின்றார் என்று சொல்லிவிடுவது என்று பேருந்திலேயே வாக்கியத்தை அடுக்கி வைத்திருந்தேன். அவர் உட்காரவைத்தார். நான் ஆரம்பிக்கும் முன்னால் அவரே பேசினார்.

"பாய் மேல கோவந்தான் சார், மறைக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். அத்தனை நெருக்கடியிலயும் வாயால சொன்னதைக் கையால செஞ்ச ஆளு. எங்கள்ல ஒருத்தனுக்கு அந்தத் தெம்பு கெடையாது. என் மகன்ட்டகூடச் சொன்னேன்."

அந்த ஓட்டு என்னுடையது என்று சொன்னால் உங்களுக்கு வேலை வரலாம். ஆனால் கப்பலூர் முழுக்க ஜன்னல் ஜன்னல் என்று பேசிவிட்டு உள்ளே போய் வேறு பொத்தானை அழுத்தியவர் என்ற பேரும் கூடவே வரும். இரண்டில் எதை உங்களுக்குக் கொடுப்பது? அதைத் தீர்மானிக்க நான் யார்? மழையைப் பற்றிப் பேசினேன். டீ குடித்தேன். திரும்பி வந்துவிட்டேன். செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, பாய்.

எனக்கு அந்த ஓட்டு எளிதாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வந்துவிடும். ஜன்னலை அழுத்தியதால் எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சோறுகூடக் குறையவில்லை. கொள்கையை நம்பியவர் நீங்கள். ஆனால் உங்கள் விரலுக்குப் பின்னால் ஐந்து அடுப்பு இருந்தது. என் விரலுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அதனால்தான் அது அத்தனை லேசாகப் போய் அழுத்தியதோ என்னவோ.

பிறகு ஒரு காலை, அதே டீக்கடை. பேச்சு எதையோ சுற்றிக்கொண்டிருந்தது. திடீரென்று நீங்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்:

"அந்த ஒத்தை ஓட்டப் போட்டவன் நல்லா இருக்கணும் சார்."

"நல்லாத்தான் இருக்கான் பாய்" என்றேன்.

நீங்கள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தீர்கள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. "டீ ஆறுது, குடிங்க வாத்தியாரே" என்றீர்கள். நீங்கள் என்னை வாத்தியாரே என்று கூப்பிடுவது ரொம்பச் சந்தோஷமாக இருக்கும்போதோ, ரொம்பக் கோபமாக இருக்கும்போதோதான். அன்றைக்கு எது என்று நான் கண்டுபிடிக்கவில்லை.

என் கேள்வி அதுதான். பழியை ஏன் சுமந்தீர்கள்? என்னைக் காப்பாற்றவா? அந்த ஓட்டைப் போட்டவனாகவே இருந்திருக்கக் கூடாதா என்ற ஆசையிலா? அல்லது, சொன்னதைச் செய்யாமல் போனதற்கு உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொண்ட தண்டனையா? இதைக் குற்றமாகக் கேட்கவில்லை. ஒரு கணக்கின் விடை தெரிந்தும் வழி தெரியாமல் இருக்கும் மாணவனைப்போலக் கேட்கிறேன்.

அடுத்த வருடம் நெஞ்சுவலி. ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. உங்களை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது பள்ளிவாசலுக்கு வெளியே கப்பலூர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார்கள். வென்றவரிடம் கேட்ட சலுகை அப்போதும் வந்திருக்கவில்லை. செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "மொத்தக் கப்பலூரும் ஒரு பக்கம் சாஞ்சப்ப ஒத்தை ஓட்டாப் போட்டு நின்ன மனுசன்யா." பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லீங்களா சார்?" என்றார். செல்வி சற்றுத் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா" என்றேன்.

என் ஓட்டை உங்களுக்கே கொடுத்துவிட்டேன், பாய். இனி அது உங்களுடையது, ஊரும் அப்படியே சொல்லட்டும். நீங்கள் உண்மையில் போட்டீர்களே ஒரு ஓட்டு, நம்பியதை விட்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஐந்து அடுப்புகளுக்காகப் போட்ட ஓட்டு, அதற்கு ஒருவரும் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. அதை நான் வைத்திருக்கிறேன்.