எலி கடிக்காத பலகை

கூட்டேரிப்பட்டு,
புதன்கிழமை இரவு.

அன்புள்ள தேவயானி அக்காவுக்கு,

பவானி எழுதுகிறேன். நீயும் ஆனந்தராஜ் மாமாவும் ஓசூரில் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். வீட்டுப் போனில் உன் நம்பரை அப்பா அழித்துவிட்டார். என் வகுப்பு மலர்விழிதான் அவள் அண்ணனிடம் கேட்டு உன் விலாசத்தை வாங்கிக் கொடுத்தாள். நாளைக்குத் திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவளே இதைத் தபாலில் போட்டுவிடுவாள். அம்மா பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். அவள் புரளும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

மல்லாட்டை இந்தத் தடவை நன்றாக விளைந்திருக்கிறது. கணக்கு டீச்சர் மாறிவிட்டார். இதெல்லாம் சொல்ல வந்ததில்லை.

அப்பாவுக்குக் காது கேட்கவில்லை, அக்கா. கொஞ்சம் மந்தம் என்று நினைக்காதே. பக்கத்தில் நின்று சாதாரணமாகப் பேசினால்கூடக் கேட்பதில்லை. நம் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார், அதனால் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீ இருக்கும்போதே டிவி சத்தத்தைக் கூட்டுவார், ஞாபகம் இருக்கிறதா? கிட்டார் செய்கிற ஷெட்டில் இழைப்பு மெஷின் பக்கத்திலேயே நின்று நின்று இப்படி ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்போது அவர் செய்துகொண்டிருப்பது அந்த வியன்னா பார்லர் கிட்டார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் ஒருவர் செய்த மாதிரியைப் பார்த்து வரைந்த படம், ஷெட் சுவரில் நீ ஒட்டியது, இன்னும் அப்படியே இருக்கிறது. மடியில் அடங்குகிற சின்ன உடம்பு, இடுப்பு ஒடுக்கமாக. கழுத்தடியில் கடிகாரச் சாவி போட்டுத் திருகினால் கழுத்து கொஞ்சம் ஏறி இறங்கும். சென்னையிலிருந்து தீனதயாளன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கச்சேரிக்கு இல்லையாம், வீட்டில் உட்கார்ந்து வாசிக்க.

பார்ப்பதற்கு எல்லாம் சரியாகத்தான் செய்கிறார். சுருதி சேர்க்க அந்தக் கவ்விக் கருவி இருக்கிறது, முள்ளைப் பார்த்து நரம்பை முறுக்கிவிடுவார். ஆனால் மேல்பலகைக்கு எந்தக் கருவி? இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் தட்டி, காதோரம் வைத்துக் கேட்பாரே. சத்தம் தெளியும்வரை உள்பக்கக் கட்டைகளைச் சீவுவார், தெளிந்ததும் உளியைக் கீழே வைத்துவிடுவார். இப்போது எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பலகை மெலிந்துபோயின. ஒன்று நரம்பு பூட்டியதும் குழிந்துவிட்டது. மரம் சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னார்.

போன மாதம் ஒருநாள் பள்ளி விட்டு நேராக ஷெட்டுக்குப் போனேன். அப்பா பலகையின் ஓரத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு, விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டார். பலகையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “பல்லுல கொஞ்சம் கேக்குது பாப்பா. அம்மாகிட்ட சொல்லிடாத. காது போனவன் செய்யற கிட்டார எவன் வாங்குவான்?” என் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்த ஓரத்தைக் கடைசியில் அறுத்து எறிந்துவிடுவார், அதனால் கிட்டாரில் தடம் நிற்காது.

ஆனால் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஷெட்டைப் பெருக்க அம்மா போனாள். கடித்த தடத்தைப் பார்த்துவிட்டு, எலி என்று முடிவு பண்ணிவிட்டாள். பொறி வைத்தாள், ஒன்றும் விழவில்லை. மறு வாரம் திண்டிவனம் போய் எலி மருந்து வாங்கி வந்து, தேங்காய்த் துருவலில் பிசைந்துகொண்டே சொன்னாள்: “இதுங்க பொறிக்குலாம் வராது. பலகை ஓரத்துலயே தடவிடறேன். கடிக்கற வாய்க்கே போவட்டும்.”

சத்தியம் ஒரு பக்கம், அந்தக் கிண்ணம் ஒரு பக்கம். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். “எலி இல்லம்மா. நான்தான் கடிச்சேன்.”

அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ஏன்டி என்றாள். இனிப்பாக இருந்தது என்றேன். அதற்கு மேல் பொய் வரவில்லை. மருந்தைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள். அதோடு போயிற்று என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து நான் நோயாளி. காலையில் வேப்பிலை உருண்டை. பூச்சி மாத்திரை. மயிலத்தில் மந்திரித்த கயிறு கையில். எதிர்வீட்டுத் தைலம்மாள் பெரியம்மா என்னைப் பார்த்தாலே, “இன்னாடி, எங்க ஊட்டு வாசக்கால வுட்டு வெச்சிக்கிறியா?” என்கிறாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சாப்பிடும்போது அம்மா இதைச் சொல்லி அழுதாள். அப்பா எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசியதால் அவருக்குப் புரியவில்லையா, இல்லை புரிந்தும் சும்மா இருந்தாரா, எனக்குத் தெரியவில்லை. ரசம் ஊற்றச் சொன்னார். அதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

நேற்று தீனதயாளன் வந்தார். இன்னும் பாலிஷ் போடாத கிட்டாரை வாசித்துப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே, “மேல் கம்பி கொஞ்சம் சப்புன்னு இருக்கே, அண்ணே” என்றார். அப்பா சிரித்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்துவிட்டார். அந்த ஆள் என் முகத்தைப் பார்த்தார். நான் உள்ளே போய்விட்டேன்.

ஷெட்டுக்குப் போக அப்பா பைபாஸைத் தாண்ட வேண்டும். தினமும். ஒருநாள் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து பிரேக் போட்டது, அவர் திரும்பவே இல்லை. நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “இன்னாத்துக்கு இம்மாம் ஜல்தி?” என்று என்னைக் கேட்டார். வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அந்த ஹாரன்தான் கேட்கிறது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் ரோட்டில் கூட்டம் நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை என்னை விழுப்புரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டப்போகிறார்கள். அப்பாவும் கட்டாயம் வர வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்பார். அம்மா மரம் தின்கிற கதையைத் தொடங்குவாள். அதற்கு முன்னால் நான் எழுந்து அப்பாவுக்கு நேர் எதிரே போய் நிற்பேன். என் உதடு அவருக்குத் தெரிகிற மாதிரி, எனக்கு ஒன்றுமில்லை, அப்பா காதைப் பாருங்கள் என்று சொல்வேன். முதுகுக்குப் பின்னால் சொன்னால் அவருக்குக் கேட்காது, எனக்கும் சுலபம். ஆனால் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். நீ மாமாவோடு போன மறுநாள் உன் பெயரைச் சொல்லாதே என்றவர், இன்றுவரை சொல்லவிடவில்லை. அப்படி அவர் பேசாமல் விட்ட பிள்ளை இதுவரை நீ ஒருத்திதான். திங்கட்கிழமைக்கு மேல் நாம் இரண்டு பேர்.

இத்தனை நாள் ஒருத்தியாக வீட்டுக்குத் திரும்பி வருவதற்குப் பயமாக இருந்திருக்கும், நான் தப்புச் சொல்லவில்லை. காலையிலேயே விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிடுவோம். நீ ஒன்றும் பேச வேண்டாம். வந்து என் பக்கத்தில் நின்றால் போதும். மயிலம் முருகன் உன்னையும் மாமாவையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உன் தங்கை,
பவானி