இருபத்தோரு படியும் ஒரு செம்புத் தண்ணீரும்

என்னங்க,

இன்று காலை எட்டாவது படியில் தண்ணீர் சிந்திவிட்டது. விளிம்பு நசுங்கிய அதே பித்தளைச் செம்புதான். ஈரத்தைப் பார்த்ததும் உங்களைத் திட்ட வாயெடுத்துவிட்டேன். சிந்தியது நான் என்பது பிறகுதான் உறைத்தது.

கல்யாணமான இரண்டாவது வாரம் பட்டுச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, உங்களோடு மேட்னி ஷோவுக்குக் கிளம்பினேன். குடும்பப் படம் என்று நினைத்திருந்தேன். உள்ளே போனால் குங்ஃபூ படம், தியேட்டர் முழுக்க ஆண்கள். அதையும் நீங்கள் ஏற்கெனவே ஆறு தடவை பார்த்திருந்தீர்கள். எனக்கு வாய்த்தது இதுதானா என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டேன்.

படத்தில் ஒல்லியான ஒருவன் சந்தையில் அடிவாங்கி விழுந்தான். அடுத்த காட்சியிலேயே பன்னிரண்டு பேரைப் பந்தாடினான்.

“இப்பத்தான அடிவாங்குனான். அதுக்குள்ள எப்பிடிங்க இம்புட்டுப் பேர அடிக்கிறான்?” என்று உங்களிடம் கேட்டேன்.

உங்கள் முகம் மாறிவிட்டது. கூட்டம் சண்டைக்குத்தான் வருகிறது என்று நடுவில் ஒரு ரீலையே ஆபரேட்டர் ஓட்டாமல் வெட்டியிருந்தார். நீங்கள் எழுந்து அவர் அறையைப் பார்த்து, “ரீல வெட்டாத!” என்று சத்தம் போட்டீர்கள்.

“உக்காருங்கண்ணே, சண்ட வந்துருச்சு,” என்றான் பின்வரிசையில் ஒருவன்.

“சண்ட எங்கயும் ஓடிராது மாப்ள. அவன் என்ன பாடுபட்டுக் கத்துக்கிட்டான்னு என் வீட்டுக்காரிக்குத் தெரிய வேணாமா?”

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். படம் நின்றது, விசில் பறந்தது, நீங்கள் உட்காரவே இல்லை. கடைசியில் அந்த ரீலைப் போட்டார்கள். மலைப்படிகள், இரண்டு வாளித் தண்ணீர், மேலே முறைத்தபடி குரு. அவன் ஏறுகிறான், வழுக்கி விழுகிறான், கீழே இறங்கி மறுபடி மொண்டு வருகிறான். பிறகு அதே சண்டை திரும்ப ஓடியபோது, அவன் வீசிய ஒவ்வொரு அடியும் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தது. விசிலடிக்கத் தெரியாததால் கைதட்டினேன்.

அதெல்லாம் மறந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் உங்களுக்குப் பக்கவாதம் வந்து இடதுபக்கம் விழுந்தது. சிம்மக்கல்லில் நம் சாக்குக் கடைக்கு மேல்தான் வீடு, இருபத்தோரு படி. தரையோடு ஒரு வீடு பார்த்துவிட்டதாக உங்கள் தம்பி வந்து சொன்னார். நீங்கள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, இந்தச் செம்பைக் காட்டினீர்கள். இடதுகையில் அரைச்செம்புத் தண்ணீரோடு படியேறப் போகிறீர்களாம்.

முதல் நாள் மூன்றாவது படியில் செம்பு உருண்டது. அந்த நசுங்கல் அன்றைக்கு விழுந்ததுதான். தினமும் படியெல்லாம் சொதசொதவென்று கிடக்க, பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தேன். ஒருநாள் பொறுக்காமல், “இந்த வயசுல என்னங்க சைனாக்காரன் வேசம்? தம்பி சொன்ன வீட்டுக்கே போயிருவோம்,” என்றேன்.

குழறிய வாயால் ஒரே வார்த்தை சொன்னீர்கள். “வெட்டாத.”

எந்த ரீலை என்று எனக்குத் தெரிந்தது. குனிந்து அடுத்த படியைத் துடைத்தேன்.

ஏழு மாதம் கழித்து உச்சிப்படியில் செம்பை இறக்கி வைத்தீர்கள். பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. படத்து வீரன் வணங்குவதுபோல முஷ்டியை உள்ளங்கையோடு சேர்க்கப் பார்த்தீர்கள், இடதுகை பாதியில் நின்றுவிட்டது. நான் பிடித்துச் சேர்த்து வைத்தேன். ஊரில் எவள் புருஷனும் எனக்கு உங்களைவிடப் பெரிய வீரனில்லை. இதை அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்கலாம்.

இப்போது எனக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்திருக்கிறது, அதே செம்போடு நானும் படியேறிப் பழகுகிறேன். உங்களுக்குப் பார்க்கக் கொடுத்துவைக்காத மருமகள், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, காலையில் நான் சிந்தியதும் துடைக்கத் துணியோடு ஓடிவந்தாள்.

“எதுக்கு அத்தை இம்புட்டு அவஸ்தை? கீழ்வீடு பாக்கச் சொல்லட்டுமா?”

“வெட்டாத,” என்றேன்.

அவள் விழித்தாள். ஈரப்படியிலேயே அவளை உட்காரவைத்து, தியேட்டரில் நீங்கள் எழுந்து நின்றதிலிருந்து சொன்னேன். கேட்டு முடித்தவள் துணியை வைத்துவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளக் கீழே இறங்கினாள்.