ஆடி வந்தால் உனக்கு சீரியஸ்

அம்மா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் எங்களுக்கு டூட்டி. ஆந்திரா பக்கமிருந்து பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போகிற வேன் ஒன்று என்னை உரசுகிற மாதிரி போனது. முன்னால், பின்னால், ஜன்னலில் எல்லாம் வேப்பிலை. வேன் போன பிறகும் அந்தக் கசப்பு வாசனை மட்டும் போகாமல் என் முகத்துக்கு எதிரே நின்றது. ஆடி வந்துவிட்டது. ஆடி வந்தால் உனக்கு சீரியஸ் ஆக வேண்டுமே, இந்த வருஷம் யாருக்கு ஆகும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது. அப்புறம் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. நாலடி அந்தப் பக்கம், நாலடி இந்தப் பக்கம். கம்பெனி பஸ் வந்து கதவைத் திறந்தபோது நான் ஏறவில்லை.

அந்தக் கூத்தை ஆரம்பித்தவளே நீதான். நான் பேக்கிங் செக்‌ஷனில் சேர்ந்த முதல் வருஷம், ஆடி ஞாயிற்றுக்குக் கோயிலுக்குப் போக லீவு கிடைக்காது என்று உனக்குப் போன் பண்ணி அழுதேன். நீ அலட்டிக்கொள்ளவே இல்லை.

“உங்க கம்பெனில அம்மா செத்தா எத்தினி நாளு லீவு?”

“மூணு நாளு. ஏம்மா?”

“சீரியஸுன்னா?”

“ஒரு நாளு தருவாங்க.”

“அப்போ இந்த வருசத்துக்கு சீரியஸு போதும். போய்ச் சொல்லுடி.”

வாயில் அடி, வாயில் அடி என்று நான் கத்த, நீ சிரித்தாய். மறுநாள் நீயே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, இருமி, இழுத்து, “சார்... என் பொண்ணு மூஞ்ச ஒரு வாட்டி பாத்துக்கறேன் சார்” என்றாயாம். அவர் பதறிப்போய் என்னை அனுப்பிவைத்தார். நான் வந்து பார்த்தால், நீ தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, வேப்பிலைக் கொத்தோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாய். “இன்னாடி இவ்ளோ லேட்டு, நான் செத்தே போயிருப்பேன்” என்று என்னையே திட்டினாய்.

வருஷா வருஷம் உனக்கு சீரியஸ் ஆனது. ஆடிக்கு ஒன்று, காணும் பொங்கலுக்கு ஒன்று, சித்தப்பா பேத்திக்குக் காது குத்தியபோது ஒன்று. எங்கள் லைனில் வேறு பொம்பளைகளும் மாமியாரை, நாத்தனாரைப் படுக்கவைத்து லீவு எடுப்பார்கள். ஆனால் சாகப்போகிற ஆளே போன் போட்டுச் சொல்கிறது எனக்கு மட்டும்தான்.

ஒரு தடவை மீன்குழம்பைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு நீ கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டாய். வாட்ச்மேனிடம் என் பேரைச் சொல்லிக் கேட்கும்போதே சூப்பர்வைசர் எதிரே வந்துவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

“நீங்கதானேம்மா போன மாசம் சீரியஸு?”

“ஆமா சார். போற வழில நெனப்பு வந்துச்சு, உங்க மூஞ்சப் பாக்காம போறமேன்னு. திரும்பி வந்துட்டேன்.”

அந்த மனுஷன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அவருக்கும் குழம்பு ஊற்றிக்கொடுத்துவிட்டுப் போனாய்.

உனக்கு எண்பத்திரண்டா, எண்பத்தைந்தா? கேட்டால், “ஓட்டு கார்டுல ஒரு வயசு, ரேசன் கார்டுல ஒரு வயசு, உனக்கு எது வேணும்?” என்பாய். பாதி ஆயுசு, பெரியபாளையத்தை ஒட்டின நம்ம ஆரணிப் பக்கம் அடுத்தவன் கழனியில் நாற்று நட்டாய். அப்புறம் கம்பெனிகள் வந்தன, அங்கே பெருக்கப் போனாய். “கழனியிலயும் குனிஞ்சேன், கம்பெனியிலயும் குனிஞ்சேன். இங்க சேறு இல்ல, அதான் வித்தியாசம்” என்று அதற்கும் ஒரு சிரிப்பு. என் புருஷன் செத்த வருஷம் நான் மூலையில் முடங்கிக் கிடந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாரும் அழு, அழுதால் ஆறும் என்றார்கள். நீ மட்டும்தான் பக்கத்தில் வந்து படுத்து, அவர் குறட்டை விடுவதை அப்படியே விட்டுக்காட்டினாய். நான் அழுகையோடு சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து நீ எனக்கு அம்மா என்பதைவிட ஃப்ரெண்டுதான். அதனால்தான் இவ்வளவு வாய் பேசினேன் உன்னிடம். அதனால்தான் அன்றைக்கும் பேசினேன்.

அன்றைக்கு என்றால் போன கார்த்திகை. காலை பத்து மணி டீ டைம். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா போனிலிருந்து கூப்பிட்டாய்.

“ஏண்டி, எனக்கு ஒரு மாதிரி கீது. வர்றியா?”

“இன்னாம்மா, ஆடி முடிஞ்சு எத்தினி மாசம் ஆவுது? இப்போ இன்னாத்துக்கு சாவற? எனக்கு இப்போ லீவு வேணாம்.”

நீ சிரித்தாய். “செரி, அப்போ ஞாயித்துக்கெழம சாவறேன்” என்றாய். போனை வைத்துவிட்டாய்.

நான் மதியம் சாப்பிடும்போது இதை எங்கள் லைன் பொம்பளைகளிடம் நடித்தே காட்டினேன். ஒருத்திக்குப் புரையேறியது. ஒரு மணிக்குக் கன்னியம்மா அக்கா போன் வந்தது. ஓடிப்போய் சூப்பர்வைசரிடம், “சார், அம்மா செத்துட்டாங்க” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “இந்த மாசம் இன்னாம்மா விசேஷம்?” என்று சிரித்தார். பழக்கம் பாரேன், நானும் சிரித்துவிட்டேன். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது. அதைப் பார்த்து அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அன்றிலிருந்து நான் லீவு கேட்டால் அவர் காரணம் கேட்பதில்லை.

எட்டு மாசமாக எனக்கு இது ஒன்றுதான் பேஜார். நீ நிஜமாகத்தான் சிரித்தாயா? இல்லை, கூப்பிட்டும் வராத பெண்ணுக்காக மேலுக்குச் சிரித்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாயா? அது தெரிந்த ஆள் கன்னியம்மா அக்கா ஒருத்திதான். அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உன் காரியத்துக்கு நான் வந்தபோதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் ஊருக்கு வந்தாலும் அவள் வீடு வராத தெரு வழியாகப் போனேன். ஊரையே வாயடிக்கிறவள், ஒரு பொம்பளையைப் பார்த்துச் சந்து சந்தாக ஓடினேன்.

இன்று ஆரணி பஸ்ஸில் ஏறிவிட்டேன். சீட்டு காலியாக இருந்தும் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். கன்னியம்மா அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி, எட்டு மாசமா இந்தப் பக்கமே காணோம்?”

“நானும் செத்துப் போயிருந்தேன்க்கா. இன்னிக்கிதான் லீவு குடுத்தாங்க.”

முதுகில் ஓர் அடி வைத்தாள். அப்புறம் கையிலிருந்த ஈரத்துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கேட்டுவிட்டேன்: “அக்கா, அன்னிக்கி போன வெச்சுட்டு அம்மா இன்னா சொன்னாங்க? மறைக்காத.”

அவள் ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். “மறைக்கத்தான் சொல்லிட்டுப் போனா. நீ கேக்கற, இன்னா பண்றது. வரணும்னுதான்டி கூப்ட்டா. அது நெசம். போன வெச்சுட்டு, ‘வரமாட்டா கன்னிமா, நான்தான் அவளக் கெடுத்து வெச்சுக்கீறேன்’னு சொல்லி சிரிச்சா. திரும்பப் போடட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டா. ‘எனக்கு ஆயிட்ச்சுன்னா ஒடனே அவளாண்ட சொல்லாத. சோறு துன்னட்டும். சொல்லிட்டீன்னா, எடுக்கற வரைக்கும் பச்சத்தண்ணி கூட தொடமாட்டா, பசி தாங்க மாட்டா அது’ன்னா. பதினோரு மணிக்குப் போய்ட்டா. நீ சாப்டற நேரம் தாண்டற வரைக்கும் அவ கையப் புடிச்சுக்கினு கதவ சாத்திக்கினு உக்காந்துனு இருந்தேன். ஆராண்டயும் சொல்லல.”

எனக்குச் சொல்லியிருந்தது ஒரு மணி, அம்மா. எட்டு மாசமாக நீ ஒரு மணிக்குத்தான் போனாய் என்று இருந்தேன்.

கன்னியம்மா அக்கா சோறு போட்டாள், சாப்பிட்டேன். திரும்பி வரும்போதும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தேன். இப்போது ரூமில் கால்மாற்றிக் கால்மாற்றி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால், ஐந்தாவதோடு என்னை நிறுத்தியவள் நீதான்.

பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் நீ இல்லை. ஆனால் எனக்கு அம்மா இருந்தாள். உன்னை மாதிரியே இழுத்து இழுத்துப் பேசிக்காட்டி, எட்டுப் பேரைச் சிரிக்கவைத்து, வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மணி நேரம் நீ எனக்கு வாங்கிக்கொடுத்த லீவு. இனிமேல் எப்போது சாப்பிட உட்கார்ந்தாலும் அது என்னோடு வந்து உட்காரும்.

இருந்தாலும் அம்மா, நீ வரச்சொல்லித்தான் கூப்பிட்டாய். நான் வந்திருக்கணும்.