கழற்றி வைத்த கதிரை

ஆனி 9, செவ்வாய், இரவு.

முதுகு நிமிரவில்லை. கோட்டில் வழக்குப் பேசும் புறக்டர் ஐயாவின் ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயக் காராக மாற்றும் வேலை தொடங்கி இன்றோடு மூன்று கிழமை. கொழும்பில் நடக்கும் பந்தயத்தில் அவர் முதலாவதாக வரவேண்டுமாம். பாரம் குறைந்தால்தான் வேகம் கூடும் என்று மட்கார்ட், கதவு, முன்விளக்கு எல்லாம் ஏற்கெனவே கழற்றியாயிற்று. இன்று காலை, ஓட்டுபவருக்குப் பக்கத்தில் இருந்த மற்ற ஒரேயொரு கதிரையையும் அதன் கீழ்ப் பலகையையும் எடுத்தேன்.

பொழுதுபடுகிற நேரம் அடுத்த வளவுக் கந்தையா ஓடி வந்தான்.

"அண்ணை, மனிசிக்குப் பிள்ளைப்பேற்று வலி வந்திட்டுது. மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். ஐயாவின்ரை காரை எடுங்கோ."

போன மாரியில் அவன் தகப்பனைப் பாம்பு கடித்தபோது இதே காரில்தான் ஏற்றிப்போய்க் காப்பாற்றினோம். அந்த நம்பிக்கையில் வந்திருக்கிறான்.

கார் நின்ற கொட்டிலைத் திறந்துவிட்டேன். அவனே காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"மற்றக் கதிரை எங்கை?"

"கழட்டிப்போட்டன். திரும்பப் பூட்டி முடிக்க விடிஞ்சுபோம்."

"ஏன் அண்ணை?"

"கார் வேகமாய்ப் போறதுக்கு."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவன் வண்டிலில் மாட்டைப் பூட்ட ஓடினான்.

உயிலங்குளத்து றோட்டில் மாடு என்ன ஓட்டம் ஓடும்? இந்நேரம் கடலுக்குக் குறுக்கே மன்னாருக்குப் போகும் தாம்போதியைத் தாண்டியிருப்பார்களோ, தெரியாது. நாளைக்கு ஐயா வந்து, இன்னும் எதைக் கழற்றலாம் என்று கேட்பார்.

கொட்டிலில் இருக்க வேறொன்றும் இல்லை. அந்தக் கதிரையில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.