கீறல் விழக் கூடாது

நிலவு, தென்முனை நிலையம்
14 மார்ச் 2071

06:10 | வழக்கமான பதிவு

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் மலர்க்கொடி, மண் ஆய்வாளர். நிலையத்தில் இன்னொருவர் பெர்க்மான்ஸ், பராமரிப்புப் பொறுப்பாளர், தூத்துக்குடிக்காரர். கட்டுப்பாட்டுக் கணினியின் மதர்போர்டு அடிக்கடி நின்றுபோகிறது. புதிய போர்டில் புராசசரையும் அதன் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்கையும் அவரே பொருத்தி மேசையில் வைத்திருக்கிறார். ஊர்தியில், மூச்சில் வெளிவரும் கரிவாயுவை உறிஞ்சும் ஃபில்டரையும் மாற்றிக்கொண்டு பனிக்குழிக்குக் கிளம்பிவிட்டார். அவர் வெளியே இருக்கும்போது போர்டை மாற்றுவது என் வேலை.

மேசை முழுக்க அவர் பொருள்கள். எதிலும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மாட்டார். விசைப்பலகை உறைக்கு அடியில் வியர்வையும் முடியும் மஞ்சளாகத் திரண்டிருக்கின்றன. துணி போட்டு மூடிவிட்டேன்.

09:25 | கணினி எழவில்லை

ஃபேன் சுற்றுகிறது. திரையில் பெயர் வருகிறது, உடனே அணைகிறது. ராமைக் கழற்றி மாட்டினேன். வயர்கள் சரி. பழைய போர்டைத் திரும்பப் போட்டேன். கருகிய வாடை மட்டும் வந்தது. புதியதையே மறுபடி மாட்டினேன்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் நின்றது. கழிப்பறைத் தொட்டி மேலேறுகிறது. அந்த நாற்றத்தில்தான் வேலை.

பூமியிலிருந்து பொறியாளர் ஞானசுந்தரி: "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க மேடம்."

இவ்வளவு தூரம் கடந்து வந்த அறிவுரை.

11:00 | வாசலில்

பெர்க்மான்ஸ் திரும்பிவிட்டார்; ஊர்திக்குள் இருந்தபடியே வானொலியில் பேசுகிறார். கணினி இல்லாமல் கதவு திறக்காது. செலவைக் குறைக்க, கையால் திறக்கும் பிடி வைக்கவில்லை. நான் வெளியே போகவும் அதே கதவுதான்.

"என்னம்மா, மிசின் இன்னும் எந்திக்கலயா? கல்யாண வீட்டு வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கமாரி நிக்கேன்."

"உள்ள வந்து பாருங்கண்ணே, பந்தி எப்படி நாறுதுன்னு."

"ஆக்சிஜன் ராத்திரி வரைக்கும் கெடக்கு. தலதான் லேசா வலிக்கி."

பேச்சுக்கு நடுவே சரசரப்பு. ஊர்தி இருக்கையின் பிளாஸ்டிக் உறை அது. மூன்று வருடமாகக் கழற்றவில்லை. அவர் அசையும்போதெல்லாம் ஈரப் பையைக் கசக்குவது போல என் காதில் விழுகிறது.

12:15 | வெப்பம்

உடனே மறுபடி ஆன் செய்தால் சீக்கிரம் அணைகிறது. ஆறவிட்டால் சற்று நேரம் தாங்குகிறது. புராசசர் சுடுகிறது. ஹீட் சிங்கைக் கழற்ற அனுமதி கேட்டேன்.

ஞானசுந்தரி: "ஹீட் சிங்க் மேல ஒட்டின ஸ்டிக்கர கிழிச்சிடாதீங்க மேடம், வாரண்டி போயிடும். மேல கேட்டுச் சொல்றேன். எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருக்காங்க."

போர்டை ஆற வைத்துவிட்டுத் திருப்புளியைத் தேடினேன்.

12:50 | தாள்

ஸ்டிக்கரைக் கிழித்தேன். புராசசருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே நீலப் பிளாஸ்டிக் தாள், உரிக்கப்படாமல். சூட்டில் சுருங்கி, செத்த தோல் போல ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். விரலில் பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை.

"அண்ணே, ஹீட் சிங்க் அடியில தாள உரிக்கலையா?"

"புதுசும்மா. கீறல் விழுந்திரும்லா. பொறவு... உரிச்சிக்கிடலாம்னு..."

குரல் குழறுகிறது. கொட்டாவி. அப்போதுதான் உறைத்தது. அவருடைய ஊர்திக்குள் தேங்கும் கரிவாயுவின் அளவும் இந்தக் கணினி வழியாகத்தான் தெரியும். காலையிலிருந்து யாரும் பார்க்கவில்லை.

"அண்ணே. வண்டி ஃபில்டர்ல தாள உரிச்சீங்களா?"

"அதும்... புதுசுதானம்மா."

"சீட்டுக்குப் பின்னாடி கைய விடுங்க. இப்பவே உரிங்க."

"இந்தா... உரிக்கேன். ஏன் சத்தம் போடுத..."

சரசரப்பு கேட்டது. ஒரு முறை.

13:10 | எழுந்தது

கணினி ஓடுகிறது. முதலில் தொட்டி பம்பு உறுமத் தொடங்கியது. அதற்குத்தான் அவசரம். பிறகு ஊர்தியின் அளவீடு வந்தது. கரிவாயு: சிவப்பு. எண் இறங்கவில்லை.

கதவு அழுத்தம் சமமாகிக்கொண்டிருக்கிறது. முடியும்வரை அது யாருக்கும் திறக்காது.

ஞானசுந்தரி: "மேடம், அனுமதி கெடச்சிருச்சு. ஸ்டிக்கர கிழிக்கலாம்."

வானொலியைத் திறந்தே வைத்திருக்கிறேன். பம்பின் சத்தத்துக்குள் அந்தச் சரசரப்பைத் தேடுகிறேன்.

"அண்ணே, சீட்டுல கொஞ்சம் அசைங்க."

பம்பை நிறுத்திவிட்டேன். நாறட்டும்.

"அசைங்கண்ணே. கேட்டுக்கிட்டே இருக்கேன்."