கார் சாவி இனி உன்னிடம்

பாப்பா அம்மாவுக்கு,

கார் சாவி ஆணியில் தொங்குகிறது. நான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன்.

நேற்று டிரைவிங் டெஸ்டில் மூன்றாவது தடவையும் ஃபெயில். நம் ஊர் லைசன்ஸை வைத்து இந்த நாட்டில் ஓட்டக் கொடுத்திருந்த ஒரு வருஷமும் நேற்றோடு முடிந்தது. இனி புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களோடு வரிசையில் நின்று முதலிலிருந்து வர வேண்டுமாம். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

"கண்ணாடியப் பாக்கவே இல்லையே" என்றார் டெஸ்ட் எடுத்தவர். பார்த்தேன், கண்ணால் பார்த்தேன். தலையைத் திருப்பினால்தான் பார்த்ததாம். ஊரில் பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்குக் கண்தான் கண்ணாடிக்குப் போகிறது, கழுத்து அசைய மாட்டேன் என்கிறது.

போன வாரம் நீயும் இதைத்தான் சொன்னாய், "தலையத் திருப்பிப் பாருங்க" என்று. "ஓட்டக் கத்துக்குடுத்தவனுக்கே பாடமா" என்று எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் தடவையிலேயே பாஸானவள் நீ. நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

பாப்பாவுக்குச் சாப்பாடு டப்பாவில் இருக்கிறது. எட்டரைக்குள் பள்ளியில் விட்டுவிடு. அவளிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். 'எங்கப்பா டிரைவர்' என்று வகுப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பின் டயருக்குக் காற்று அடித்துவிட்டேன்.

இன்னொன்று. டிரைவர் சீட்டை உன் கால் எட்டுகிற மாதிரி முன்னால் இழுத்து வைத்திருக்கிறேன். கண்ணாடியும் உன் உயரத்துக்குத்தான். இனிமேல் நீ தினமும் அதை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.